கடல் கடந்த மடல்: பால் வாங்கப் போன அண்ணனும் தம்பியும்



ஊரிலிருந்து லண்டனுக்கு வரும் நண்பர்களை நான் அழைத்துப் போகும் இடங்களில் நாடக அரங்கு கட்டாயம் உண்டு. ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியில் வந்தவர்கள் எழுதிய நாடகம் எங்காவது நடந்துகொண்டிருந்தால் வேறு எதையும் யோசிக்க மாட்டேன். பார்த்துவிட்டு வெளியே வரும்போது நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "வெள்ளைக்காரர்களையே காணோமே?"

கறுப்பினத்தவரின் நாடகம் என்றால் ஒரு பக்கம் வெள்ளையர், ஒரு பக்கம் கறுப்பர், நடுவில் நிறவெறி என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள். நிறவெறி இல்லாமல் இல்லை. அது வாசலுக்கு வெளியே நிற்கிறது, கதவையும் தட்டுகிறது. ஆனால் மேடையில் நாம் பார்ப்பது வீட்டுக்குள் நடக்கும் வழக்கு. அம்மாவும் மகளும், அண்ணனும் தம்பியும், ஜமைக்காவில் விட்டுவந்த மூத்த மகளும் லண்டனில் பிறந்த இளையவளும் "நீ எங்களில் ஒருத்திதானா?" என்று ஒருவரையொருவர் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு நாட்டில் நமக்கு இடம் உண்டா என்பதை அந்த நாட்டு அதிகாரிகள் ஒரு விதமாகத் தீர்ப்பார்கள், நம் சொந்தக்காரர்கள் வேறு விதமாகத் தீர்ப்பார்கள். இந்த நாடகாசிரியர்கள் அதிகமாக அக்கறை காட்டுவது இரண்டாவது தீர்ப்பில். எனக்கு இந்த நாடகங்கள் மேல் இத்தனை பிடிப்பு வந்ததற்கும் அதுவே காரணம்.

போலா அக்பாஜே எழுதிய 'கான் டூ ஃபார்!' நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர் அவர். அவருடைய முதல் நாடகமான இது 2007-ல் ராயல் கோர்ட் அரங்கின் மாடியிலுள்ள சிறிய மேடையில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே ஒலிவியர் விருதும் வாங்கியது. 2013-ல் பெக்கம் பகுதியைக் களமாக வைத்துத் திரைப்படமாகவும் வந்தது. கதை ஒரு வரிதான். கவுன்சில் குடியிருப்பில் வசிக்கும் ஒரு நைஜீரிய அம்மா தன் இரண்டு பையன்களையும் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொல்கிறாள். மூத்தவன் இகுடாயிசி நைஜீரியாவிலேயே வளர்ந்தவன், இப்போதுதான் லண்டனுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். இளையவன் யெமி இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கடைக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில் அவர்களுக்கு என்னவெல்லாம் நேர்கிறது என்பதுதான் முழு நாடகமும்.

யெமிக்கு அண்ணனோடு தெருவில் நடக்கவே கூச்சம். அவன் பேச்சு, அவன் உடுத்தும் விதம், நாலு பேர் பார்க்க யொரூபா மொழியில் கூப்பிடுவது எல்லாமே தம்பியைக் குன்ற வைக்கிறது. அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. பெண்பிள்ளைகள் எதிரே வந்ததும் எங்கிருந்தோ ஓர் அமெரிக்க உச்சரிப்பைக் கொண்டுவந்து பேசத் தொடங்குகிறான். நைஜீரியப் பையனாக நின்றால் இந்தத் தெருவில் மதிப்பு இல்லை, அமெரிக்கனாக நின்றால் உண்டு என்று வந்த சில நாளிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. பார்வையாளர்கள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் தொண்டையிலிருந்தே தன்னைத் துடைத்தெறிவதைப் பார்க்கிறோம்.

இதே தெருவில் அர்மானி என்ற பெண் இருக்கிறாள். தாய் வெள்ளைக்காரி, தந்தை ஜமைக்காக்காரர். ஜமைக்கா என்பதை மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் அவள், ஆப்பிரிக்கர்களை மட்டம் தட்டுவதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. இது அவள் ஒருத்தியின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் பள்ளிகளில் ஒரு காலத்தில் கரீபியப் பிள்ளைகளுக்கு இருந்த கெத்து ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. 'ஆப்பிரிக்கா' என்று சொல்வதே கேலிப்பேச்சாக இருந்தது. "உங்கள் ஆட்கள்தானே எங்களைப் பிடித்து விற்றார்கள்" என்று ஒரு தரப்பு சொல்லும், "சொந்த மொழி, சொந்தப் பெயர்கூட இல்லாதவர்கள்" என்று மறுதரப்பு திருப்பிக் கொடுக்கும். நானூறு ஆண்டு வரலாற்றைப் பத்து வயதுப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் கல்லாக எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். அக்பாஜே அதை மறைக்கவில்லை. வெளியார் முன்னால் வீட்டுச் சண்டையைக் காட்டலாமா என்று தயங்கவும் இல்லை. அந்தத் துணிச்சலுக்காகவே அவரை மதிக்கிறேன்.

நாடகம் எழுதப்பட்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரீபிய வம்சாவளியினர் ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட அதிகமாக இருந்தார்கள். 2011-ல் நிலைமை தலைகீழானது. ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 9.9 லட்சம் பேர், கரீபியர்கள் 6 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இடைப்பட்ட ஆண்டுகளில் தெருவின் பெரும்பான்மை மாறிக்கொண்டிருந்தபோதுதான் யெமியும் இகுடாயிசியும் பால் வாங்கப் புறப்பட்டார்கள். அந்தப் பகுதியின் ரவுடியான ப்ளேஸர் என்பவனும் நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளைதான். மூத்தவனுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதா என்று யெமியை அதட்டுவது அவன்தான். யொரூபா வீடுகளில் வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், பெரியவர்களைக் கண்டால் ஆண்பிள்ளைகள் தரையில் விழுந்து வணங்குவார்கள். நம் வாசகர்களுக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு அண்ணன் யார் என்பதை வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாமல், தெருச்சண்டியன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தி வெளியே வரும் வரைக்கும் போகிறது அந்த நாள்.

இந்த நாடகத்தில் நம்மவர் சாயலும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. பால் விற்கும் கடைக்காரர் வங்கதேசத்துக்காரர். இங்கிலாந்துக் கொடியைப் பெருமையோடு வைத்துக்கொண்டு, இந்த நாட்டுக்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். ஹூடியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு வரும் கறுப்பினப் பையனைக் கண்டதும் உள்ளே விட மறுக்கிறார். லண்டனில் மூலைக்கடைகள் எத்தனையோ நம் தமிழர்கள் கையில் இருக்கின்றன. வாழைக்காய்க்குப் பக்கத்தில் ஆப்பிரிக்க யாம் கிழங்கு, ஸ்காட்ச் பானெட் மிளகாய், குளிர்பெட்டியில் சூப்பர்மால்ட் என்று அந்த மக்களை நம்பித்தான் பாதி வியாபாரம் ஓடுகிறது. கதவில் 'பள்ளிப் பிள்ளைகள் ஒரு நேரத்தில் இருவர் மட்டும்' என்று ஒட்டியிருக்கும். மாலை மூன்றரை மணிக்கு அந்த விதி எந்த நிறத்துப் பிள்ளைகளிடம் கறாராகவும் எந்த நிறத்துப் பிள்ளைகளிடம் தளர்வாகவும் நடக்கிறது என்பதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றவர்கள் அறிவார்கள். திருட்டால் நொந்துபோன கடைக்காரரின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அக்பாஜே அந்தக் கடைக்காரரை அங்கே நிறுத்தியது நியாயம் என்றே சொல்வேன். இந்த நாட்டில் தனக்கு இடம் பிடித்துவிட்டதாக நினைப்பவர் முதலில் செய்யும் காரியம், அடுத்து வருபவனின் இடத்தை அளப்பதாக இருக்கிறது. அவர்களுடைய மேடையில் நமக்குக் கிடைத்திருக்கும் பாத்திரம் இது. நாம் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது வின்சம் பின்னாக் எழுதிய 'லீவ் டேக்கிங்'. 1987-ல் லிவர்பூல் பிளேஹவுஸில் முதலில் நடந்தது. பின்னர் நேஷனல் தியேட்டருக்கும் வந்தது. கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கே ஏறியது அதுவே முதல் முறை. ஈனிட் என்ற ஜமைக்கா அம்மா, டெல், விவ் என்று இரண்டு மகள்கள். மூத்தவள் அடங்காதவள், இளையவள் படிப்பாளி. மகள்களை ஓபியா என்னும் மாந்திரீகம் அறிந்த மாய் என்ற கிழவியிடம் அம்மா கூட்டிப்போவதில் நாடகம் தொடங்குகிறது. பிள்ளைகளை நல்லபடியாக வளர்க்க இங்கிலாந்தின் பள்ளியும் தேவாலயமும் போதாமல், ஊரோடு விட்டுவந்த கைவைத்தியத்தை ஒரு கிழவியிடம் தேடிப் போகிறாள் அந்த அம்மா. அதற்குமேல் அவளுடைய தவிப்பை யாரும் வசனத்தில் விளக்க வேண்டியதில்லை.

குடும்ப நண்பர் பிராட் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். சிறுவயதிலிருந்து தன்னைப் பிரிட்டிஷ் பிரஜையாகவே எண்ணி வாழ்ந்தவர். பேரரசு தினத்தில் கொடியசைத்தவர். திடீரென்று ஒரு கடிதம் வருகிறது: குடியுரிமைத் தாள்களை ஒழுங்கு செய்துகொள், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். மனிதர் நொறுங்கிப்போகிறார்.

இந்தக் கடிதம் நாடகாசிரியரின் கற்பனை இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் காலனி நாட்டு மக்களை ஐக்கிய ராஜ்ஜியத்தின், காலனிகளின் குடிமக்கள் என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் கரீபியக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1962-லும் 1971-லும் வந்த சட்டங்கள் அந்தக் கதவைப் படிப்படியாகச் சாத்தின. 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1983-ல் அமலானபோது, ஏற்கெனவே இங்கே குடியேறியிருந்த காமன்வெல்த் நாட்டவர் பலர் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள 1987 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தது. பின்னாக்கின் நாடகம் அரங்கேறியது அதே ஆண்டின் இறுதியில். பதிவு செய்யாதவர்களும் இங்கே வாழும் உரிமையை இழக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்குச் சான்றாக அவர்கள் கையில் எந்தத் தாளும் இல்லை. தாள் இல்லாத குறை அன்றைக்குத் தெரியவில்லை. 2014-லும் 2016-லும் வந்த குடிவரவுச் சட்டங்களுக்குப் பிறகு வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் தாள் கேட்கத் தொடங்கினார்கள். பழைய பயணிகளின் தரையிறங்கு அட்டைகளை உள்துறை 2010-லேயே அழித்துவிட்டிருந்தது. ஐம்பது ஆண்டு உழைத்து வரி கட்டியவர்கள் வேலையிழந்தார்கள், சிகிச்சை மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தவும்பட்டார்கள். 2018 ஏப்ரலில் செய்தி வெடித்து, பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார், உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

அடுத்த மாதமே மேற்கு லண்டன் புஷ் தியேட்டரில் 'லீவ் டேக்கிங்' மறுபடி மேடையேறியது. மறு அரங்கேற்றத்துக்கான ஏற்பாடுகள் செய்தி வெடிப்பதற்கு முன்பே நடந்தவை. முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய பிராட்டின் புலம்பல் அன்றைய செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. நாடகாசிரியரைத் தீர்க்கதரிசி என்று பலர் புகழ்ந்தார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1987-லேயே அந்தக் கடிதங்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பெற்றவர்கள் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள், பின்னாக் காது கொடுத்துக் கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை.

ஆனாலும் நாடகத்தின் உயிர் பிராட்டிடம் இல்லை, ஈனிட்டிடம் இருக்கிறது. மகள்களுக்கு ஜமைக்கா என்றால் கனவு, தங்களுக்கு மறுக்கப்பட்ட வேர். அம்மாவுக்கு அது வறுமை, பசி, ஓடி வந்த இடம். ஊரிலிருந்து பணம் கேட்டு வரும் கடிதங்கள். அனுப்பி அனுப்பிச் சலித்த கை. அங்கே அவளுடைய அம்மா, இங்கே அவளுடைய மகள்கள். இரு பக்கமும் அவள் பட்ட கடன் தீரவில்லை. பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. அவமானத்தை யாரும் சொத்தாக எழுதிவைப்பதில்லை. இந்த ஊரில் நான் பழகும் தமிழ் வீடுகளில் அப்படி வாயடைத்துப்போன அம்மாக்கள் உண்டு. போரைப் பற்றிப் பேசாதவர்கள், முகாமைப் பற்றிப் பேசாதவர்கள். பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, "ஏம்மா எங்களுக்குச் சொல்லவே இல்லை?" என்று கேட்கிறார்கள்.

2018 வசந்தத்தில் நேஷனல் தியேட்டரில் நடாஷா கோர்டனின் 'நைன் நைட்' நடந்துகொண்டிருந்தது. டிசம்பரில் அது லண்டனின் வணிக நாடக மையமான வெஸ்ட் எண்டில் இருக்கும் டிரஃபால்கர் ஸ்டூடியோஸுக்கு மாறியது. கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் ஒருவரின் நாடகம் வெஸ்ட் எண்டுக்கு வர அந்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் ஆறவில்லை. நான் அங்கேதான் பார்த்தேன்.

முழுக்க ஒரு சமையலறையில் நடக்கும் நாடகம். விண்ட்ரஷ் தலைமுறையைச் சேர்ந்த குளோரியா மாடியில் கடைசி நாட்களில் இருக்கிறாள். நாம் அவளைப் பார்ப்பதே இல்லை. வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் லொரெய்ன், வீட்டை விற்றுப் பணமாக்கத் துடிக்கும் மகன் ராபர்ட், அவனுடைய வெள்ளைக்கார மனைவி சோஃபி, பேத்தி அனிதா, மேகி சித்தி, வின்ஸ் சித்தப்பா. குளோரியா கண்ணை மூடியதும் ஒன்பது இரவுச் சடங்கு தொடங்குகிறது. வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ரம் இருக்கும், பொரித்த மீன் இருக்கும், டொமினோ ஆட்டம் இருக்கும், பாட்டு இருக்கும். ஒன்பதாம் இரவில் செத்தவர் அறையில் கட்டில் மேசையை எல்லாம் இடம் மாற்றிவிடுவார்கள். ஆவி வந்து பார்த்தால் தன் வீடு அடையாளம் தெரியாமல் போய்விட வேண்டும், அதோடு விடைபெற்றுக்கொள்ள வேண்டும். நம் பதினாறாம் நாள் காரியத்தில் இருக்கும் அதே பாசமும் அதே கண்டிப்பும் இதில் உண்டு: அழுதது போதும், நீ போய்வா, நாங்கள் இருந்தாக வேண்டும்.

வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ராபர்ட்டுக்கும் லொரெய்னுக்கும் இந்தச் சடங்கு பாதி புரிகிறது, பாதி பாரமாக இருக்கிறது. அப்போது வாசலில் வந்து நிற்கிறாள் டிரூடி. குளோரியா இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது ஜமைக்காவில் விட்டுவந்த மூத்த மகள். அம்மா அவளைக் கடைசிவரை அழைத்துக்கொள்ளவே இல்லை. அவள் கண்ணீரோடு வருவாள் என்று எதிர்பார்க்கிறோம். கலகலவென்று வருகிறாள், அத்தனை பேரையும் கட்டிப்பிடிக்கிறாள். உள்ளே இருக்கும் கோபம் பிறகுதான் வெளியே வருகிறது.

கரீபியத் தீவுகளில் 'பீப்பாய்ப் பிள்ளைகள்' என்று ஒரு தலைமுறையையே சொல்வார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் உழைக்கும் தாய்மார்கள் ஆளுயரப் பீப்பாயில் அரிசி, சோப்பு, பள்ளிக் காலணி, துணிமணி என்று அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அம்மா வர மாட்டாள், பீப்பாய் வரும். இப்படி விட்டுப்போகும் கதை மேடைக்குப் புதிதில்லை. 1958-ல் இதே லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் டிரினிடாட் எழுத்தாளர் எரோல் ஜானின் 'மூன் ஆன் எ ரெயின்போ ஷால்' நடந்தது. அதில் எஃப்ரெய்ம் என்ற டிராலிபஸ் ஓட்டுநர், தன் பிள்ளையைச் சுமக்கும் ரோசாவை போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்பு முற்றத்தில் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிடுகிறான். அறுபது ஆண்டு கழித்து நடாஷா கோர்டன் எழுதிய நாடகத்தில், விட்டுவந்த பிள்ளை கதவைத் தட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு, போனவர்களின் துணிச்சலைக் கொண்டாடும் கதைகளில் எந்தப் பக்கம் விடுபட்டுப்போனது என்பது தெரியும்.

'நைன் நைட்' பார்த்த அன்றைக்கு என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதை ஒட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி, மடியில் கைப்பை. டிரூடி பேசிய ஓர் இடத்தில் "ம்... ம்..." என்று தேவாலயத்தில் ஆமோதிப்பதுபோலச் சத்தமாகவே சொன்னார். விளக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் அவரைப் பார்த்ததும், "என்னை அழைத்துக்கொண்டார்கள், பதினோரு வயதில். விமான நிலையத்தில் அம்மா யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஏர்ஹோஸ்டஸ் காட்டினாள்" என்றார். பிறகு, "அவளுக்கும் நான்தான் என்று தெரியவில்லை" என்றார். அவருடைய மகள் வந்து கோட்டை மாட்டிவிட்டுக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். தன் கதையை மகளிடம் எப்போதாவது சொல்லியிருப்பாரா என்று கேட்கத் துடித்தேன், கேட்கவில்லை.

இதுவரை லண்டனைப் பற்றியே எழுதிவிட்டேன். வந்த இடத்தில் ஒட்டாதவர்கள், மூதாதையர் மண்ணுக்கே திரும்பிப் போனால் ஒட்டிக்கொள்வார்களா என்ற கேள்வி மீதி இருக்கிறது. அதற்கு அட்லாண்டிக்கின் இரு கரையிலிருந்தும் இரண்டு பெண்கள் எழுதினார்கள்.

1959 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்ஸின் இன் தி சன்' அரங்கேறியது. கறுப்பினப் பெண் எழுதி பிராட்வேக்கு வந்த முதல் நாடகம். அவருக்கு வயது 28. சிகாகோவில் வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கியதற்காக அவருடைய தந்தை நடத்திய வழக்கு 1940-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடகத்தின் மையமும் அப்படியொரு வீடுதான். அந்தக் குடும்பத்தின் மகள் பெனீத்தா டாக்டராக வேண்டும் என்று படிப்பவள். அசகாய் என்ற நைஜீரிய மாணவன் அவளுக்கு யொரூபா உடையைப் பரிசளிக்கிறான், தன்னை மணந்துகொண்டு நைஜீரியாவுக்கு வந்துவிடு என்கிறான். அவள் போனாளா என்பதை ஹான்ஸ்பெரி சொல்லவில்லை. 1965-ல், முப்பத்து நான்கு வயதில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கானாவில் ஒரு கல்லூரி மாணவி அதற்கு முன்பே எழுதிவிட்டார். அமா அட்டா அய்டூவின் 'தி டைலமா ஆஃப் எ கோஸ்ட்' 1964-ல் லெகோன் பல்கலைக்கழகத்தில் மாணவர் நாடகமாக நடந்தது, அடுத்த ஆண்டு புத்தகமானது. பின்னாளில் கானாவின் கல்வித்துறைக்குப் பொறுப்பேற்று, 2023-ல் காலமான அதே அய்டூதான். ஹான்ஸ்பெரிக்கு எழுதிய பதில் என்று அவர் இதைச் சொல்லவில்லை. நான்தான் இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கிறேன்.

குடும்பமே கடன்பட்டு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய ஆட்டோ என்ற இளைஞன், யூலலி என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணை மணந்துகொண்டு திரும்புகிறான். வெள்ளைக்காரியைக் கட்டிவிட்டான் என்று முதலில் வீடு பதறுகிறது. இல்லை, அவளும் கறுப்புதான், அவளுடைய மூதாதையர் இங்கிருந்து போனவர்கள் என்று அவன் விளக்குகிறான். விளக்கியதும் கூச்சல் இன்னும் அதிகமாகிறது. அடிமைகளின் வழித்தோன்றலா? குலம் என்ன, கோத்திரம் என்ன என்று யாருக்கும் தெரியாதவளா? செத்துப்போன முன்னோர்களிடம் நான் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன் என்று பாட்டி புலம்புகிறாள். அய்டூ இதை எழுதியது கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகள் நிற்கும் கரைக்குச் சொந்தமான ஃபாண்டே மக்களைப் பற்றி. அந்தக் கோட்டைகளின் நிலவறைகளிலிருந்துதான் கப்பல் ஏற்றினார்கள். ஏற்றியனுப்பிய கரையே, திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்து நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறது.

யூலலியும் குற்றமற்றவளாகக் காட்டப்படவில்லை. மாமியார் எசி கோம் ஆசையாகக் கொண்டுவந்த நத்தைகளை அருவருத்துத் தூக்கி எறிகிறாள். அங்கே நத்தை விருந்துப் பண்டம். குழந்தை இப்போது வேண்டாம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருக்க, குடும்பம் அவளை மலடி என்று நினைத்து, வயிற்றைக் கழுவ மூலிகை கரைத்து எடுத்து வருகிறது. உண்மையைச் சொல்ல வேண்டியவன் ஆட்டோ. அவன் வாய் திறப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் அறிந்தவன், இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவன், ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்கு எடுத்துச்சொல்லும் கடமை உள்ளவன், அதை மட்டும் செய்யவில்லை. புலம்பெயர்ந்து படித்துவிட்டுத் திரும்பும் ஆண்களைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் நான் எங்கேயும் படித்ததில்லை.

கடைசியில் சண்டை முற்றி, அவன் அவளை அறைந்துவிடுகிறான். அவள் வெளியே ஓடிவிடுகிறாள். களைத்துத் திரும்பி வரும்போது அவளைத் தாங்கிப் பிடிப்பது கணவன் அல்ல, எசி கோம். தாயில்லாத பெண் இவள், இவளை நமக்கு எடுத்துச்சொல்லாதது உன் குற்றம் என்று மகனைக் கடிந்துவிட்டு, மருமகளை வீட்டின் பழைய பகுதிக்குள் அழைத்துப் போகிறாள். படித்த மகனுக்காகக் கட்டிய புதிய பகுதிக்கு அல்ல, குடும்பம் வாழ்ந்துவந்த பழைய வீட்டுக்கு. சட்டமும் வம்சாவளியும் கொடுக்காத இடத்தை, நத்தைக் கூடையை வீசியெறியக் கண்ட மாமியார் கொடுக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள்.

இந்த நாடகம் தமிழில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிய செலவு வைக்காது. ஒரு வீட்டு முற்றம், ஆற்றுக்குப் போகும் ஒரு பாதை, அந்தப் பாதையில் நின்று ஊர்க்கதை பேசும் இரண்டு பெண்கள். மகன் படிப்புக்குப் பட்ட கடனை எண்ணிப் பார்க்கும் தாயை நம் நடிகைகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே நடிப்பார்கள். மதுரையிலோ தஞ்சாவூரிலோ கல்லூரி நாடகக் குழு நடத்தும் ஆசிரியர்கள் யாராவது மொழிபெயர்ப்பில் இறங்கத் தயாராக இருந்தால் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். என் பிரதியை அனுப்பிவைக்கிறேன், உரிமை கேட்டு எழுத வேண்டிய கடிதத்தையும் இங்கிருந்தே நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
லண்டனிலிருந்து